அமிர்தியிலிருந்து ஜலகாம்பாறை வரை: ஆறு நாள் நடையைப் படம் பிடிக்க எது உதவியது, எது சுமையானது

மலையில் நாள் கணக்கில் நடப்பதைப் படம் பிடிக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று யார் கேட்டாலும், பேட்டரி, கார்டு, மைக் மூன்றுக்கும் முதலில் காசை ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குக் கேமரா பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். இரண்டு முறை ஜவ்வாது மலையில் நடந்து, முதல் முறை எடுத்ததில் முக்கால்வாசி பயன்படாமல் போன பிறகு வந்த முடிவு இது. இரண்டாவது முறை நானும் என் மச்சானும் அமிர்தியில் தொடங்கி நம்மியம்பட்டு, ஜமுனாமரத்தூர், காவலூர், ஆலங்காயம் வழியாகப் பொன்னேரி வந்து, ஏலகிரி ஏறி, நிலாவூர் பக்கமாக இறங்கி ஜலகாம்பாறை அருவியில் முடித்தோம். டிசம்பர் கடைசி, ஆறு நாள், நூறு கிலோமீட்டருக்கு மேல். தார் ரோடும் உண்டு, ஒற்றையடிப் பாதையும் உண்டு. அந்த ஆறு நாளும் எங்கள் முதுகிலும் இடுப்பிலும் இருந்த சாமான்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. அமிர்தி வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர்தான், ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய்க் குளித்துவிட்டு வருகிற இடம்தான், ஆனால் அருவியைத் தாண்டினால் காப்புக்காடு. சந்தனமரம் இருக்கிற மலை என்பதால் முதுகில் பெரிய பையோடு யார் போனாலும் செக்போஸ்ட்டில் நிறுத்திக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். வனத்துறையில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், எங்கே காட்டுப் பாதை, எங்கே ரோட்டிலேயே நடக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்கிறபடி வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன கேமரா கொண்டு போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

முதல் நடைக்கு, கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர் தன் டிஎஸ்எல்ஆர் கேமராவையும் இரண்டு லென்ஸையும் ஒரு பெரிய டிரைபாடையும் நம்பிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து நாலு கிலோவுக்கு மேல். நல்ல கேமரா, படத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அது பைக்குள் இருந்தது. வழியில் எதையாவது பார்த்தால் நிற்க வேண்டும், பையைக் கழற்ற வேண்டும், ஜிப்பைத் திறந்து, துணியில் சுற்றியதைப் பிரித்து, லென்ஸ் மூடியைக் கழற்றி, கண்ணில் வைக்க வேண்டும். நம்மியம்பட்டு ஏற்றத்தில் ஒரு கீரிப்பிள்ளை தன் குட்டிகள் மூன்றையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தது. நான் ஜிப்பைத் திறப்பதற்குள் கடைசிக் குட்டியும் புதருக்குள் போய்விட்டது. இரண்டு நாளில் அந்தக் கேமராவை மூன்றே முறைதான் வெளியே எடுத்தேன். மூன்றுமே மலை உச்சியில் உட்கார்ந்து ஓய்வெடுத்தபோது எடுத்த அகலக் காட்சிகள். நடந்த நடை அதில் எங்கேயும் இல்லை.

அதனால் இரண்டாவது முறை சின்னக் கேமரா என்று முடிவாகிவிட்டது. அதிலும் இரண்டுக்கு நடுவில் ரொம்ப நாள் அல்லாடினேன். டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 என்பது ஒரு அங்குல சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு), தலையிலேயே கிம்பல் (கை ஆட்டத்தைச் சமன்செய்யும் மோட்டார்), 179 கிராம். மாலை வெளிச்சத்தில் முகத்தை அது காட்டுகிற விதத்துக்கு இந்த அளவுக் கேமராக்களில் எனக்குத் தெரிந்து போட்டி இல்லை. திருவண்ணாமலை கிரிவலத்தை, அந்த 14 கிலோமீட்டர் தார் ரோட்டை, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் அதை எடுங்கள். ஆனால் அதற்குத் தண்ணீர் ஆகாது. எங்கள் வழி ஒரு அருவியில் தொடங்கி இன்னொரு அருவியில் முடிகிறது, நடுவில் ஆறு விடியற்காலைப் பனி. அதனால் கோப்ரோ ஹீரோ 12 பிளாக் என்ற ஆக்‌ஷன் கேமரா. பேட்டரியோடு 154 கிராம், உறை எதுவும் இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும், கீழே விழுந்தாலும் மனசு பதறாது. வேலூரில் கல்யாண வீடியோக்காரர்களுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடை ஒன்றில் முதலில் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் சொந்தமாக வாங்கினேன். இதை எல்லோருக்கும் சொல்வேன்: பக்கத்திலிருக்கும் கைலாசகிரியிலோ, உங்கள் ஊருக்கு அருகில் எந்தக் குன்று உண்டோ அதிலோ ஒரு நாள் ஏறி இறங்கிப் பாருங்கள். ஒரு கேமரா நமக்கு ஒத்துவருமா என்பது கடை கண்ணாடி மேஜையில் தெரியாது.

ஹீரோ 12-ல் நான் மாற்றி வைத்த அமைப்புகள் கொஞ்சம்தான். 5.3கே, வினாடிக்கு 60 ஃபிரேம் என்று பெட்டி மேல் போட்டிருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். பேட்டரியும் சூடும் அதில்தான் போகும். 4கே, 25 ஃபிரேம் போதும். ஏன் 30 இல்லாமல் 25 என்றால், நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டீக்கடை டியூப்லைட் அதன் தாளத்தில்தான் மின்னுகிறது. கேமராவை 60 ஹெர்ட்ஸ் அமைப்பில் விட்டுவிட்டு 30 ஃபிரேமில் எடுத்தால், கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் கடை, வீடியோவில் பட்டை பட்டையாகத் துடிக்கும். ஆன்டி ஃபிளிக்கர் என்ற இடத்தில் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றினால் கேமரா தானே 25, 50 என்ற கணக்குக்கு வந்துவிடும். முதல் நடையில் போனில் எடுத்த ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்ட் காலை டீக்கடைக் காட்சி முழுக்க எனக்கு இப்படித்தான் வீணானது. அந்த ஆவி பறக்கும் பாய்லரும் கம்பளி போர்த்திய ஆட்களும் இனி கிடைக்குமா.

ஆட்டம் தெரியாமல் எடுப்பதில் இந்தக் கேமரா பகலில் கில்லாடி. கையில் பிடித்துக்கொண்டு கல்லில் தாவி இறங்கினாலும் படம் ஆற்றில் படகு போவதுபோல் போகும். ஆனால் இது எந்த ஆக்‌ஷன் கேமராவாக இருந்தாலும் பொருந்தும்: வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் மெதுவாகும், ஒவ்வொரு ஃபிரேமும் கலங்கும், கலங்கிய ஃபிரேமை எவ்வளவு நேராக நிறுத்தினாலும் கலங்கல் போகாது. மாலை ஐந்தரைக்கு மேல் மரத்தடிப் பாதையில் நடந்துகொண்டே எடுக்காதீர்கள். நின்று, கேமராவைக் கல் மேல் வைத்து எடுங்கள். ஹீரோ 12-ல் ஜிபிஎஸ் கிடையாது என்பதும் வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டும். ஹீரோ 11-ல் இருந்தது, 12-ல் எடுத்துவிட்டார்கள், 13-ல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். நடந்த பாதையை வரைபடமாகக் காட்ட ஆசைப்படுகிறவர்கள் போனிலேயே ஆஸ்மாண்ட் மாதிரி ஒரு செயலியில் அந்தப் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், ஃபிளைட் மோடில்கூட ஜிபிஎஸ் ஓடும், பாதை பதிவாகும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இனி நான் நிஜமாகவே பாராட்ட வேண்டிய சாமானுக்கு வருகிறேன். அது ஒரு தோல் பை. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது.

கேமராவைத் தோள்பட்டை வாரில் கிளிப் போட்டு மாட்டலாம், நெஞ்சில் பெல்ட் கட்டி மாட்டலாம், எல்லாம் பார்த்தேன். நெஞ்சில் மாட்டினால் படம் முழுக்க நம் கையும் தடியும்தான், பத்து நிமிடத்துக்கு மேல் யாராலும் பார்க்க முடியாது. தோள் கிளிப் நல்லதுதான், ஆனால் கழற்றி மாட்ட இரண்டு கை வேண்டும். பேரணாம்பட்டில் தோல் தைக்கும் அண்ணன் ஒருவரை மச்சானுக்குத் தெரியும். ஷூ கம்பெனிக்கு மேல்தோல் தைத்துக் கொடுப்பவர். அவரிடம் கேமராவைக் கொண்டு போய், இடுப்பு பெல்ட்டில் கோர்க்கிற மாதிரி ஒரு உறை வேண்டும் என்றேன். அவர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எடை பார்ப்பதுபோல் கையில் ஆட்டினார், அப்புறம் கேட்டார்: “நடக்கும்போது உங்களுக்கு எந்தக் கை சும்மா இருக்கும் தம்பி?”

எந்தக் கையால் படம் எடுப்பீர்கள் என்று அவர் கேட்கவில்லை. வலது கையில் தடி, அதனால் இடது கைதான் சும்மா இருக்கும் என்றேன். எழுந்து நின்று நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன். இடது இடுப்பில், தொடை எலும்புக்குக் கொஞ்சம் முன்னால், என் கை தானாக ஆடி வந்து தொடுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பையின் வாயை நேராக மேல் பார்த்து வைக்காமல் முன்பக்கம் சாய்த்து வெட்டினார், மூடிக்கு ஜிப் வைக்காமல் அழுத்துப் பொத்தான் வைத்தார், கட்டை விரல் ஒன்றாலேயே திறக்கிற மாதிரி. உள்ளே லென்ஸ் படுகிற பக்கத்துக்கு மட்டும் வழவழப்பான மெல்லிய தோல். அடியில் இரண்டு சின்ன ஓட்டை, தண்ணீர் புகுந்தால் வடிய. 400 ரூபாய் வாங்கினார். அதுவும் அரை மனதாகத்தான், வெட்டுத்துண்டில் தைத்ததுதானே என்று.

அந்தப் பை வந்த பிறகு நான் படம் எடுக்கிற விதமே மாறியது. தடியை விடாமல், நடையை நிறுத்தாமல், கீழே பார்க்காமல் கேமராவை எடுக்க முடிந்தது. பொத்தானை ஒரு முறை அழுத்தினால் ஆன் ஆகி உடனே பதிவாகத் தொடங்குகிற வசதி கேமராவில் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் பார்த்ததற்கும் பதிவாவதற்கும் நடுவில் நாலைந்து வினாடிதான். ஆறு நாளில் எடுத்த நல்ல காட்சிகளை எண்ணினால், பாதிக்கு மேல் அந்த நாலைந்து வினாடிக்குள் கிடைத்தவை: தலையில் விறகுக் கட்டோடு வளைவில் திரும்பிய இரண்டு அக்காமார்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தது, காவலூர் பக்கம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடியது, ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் பனிமூட்டம் சட்டென்று விலகிக் கீழே ஊர் தெரிந்தது.

சரி, கரண்ட் விஷயம். இதில் கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டால் குழப்பம்தான், நாமே கணக்குப் போட வேண்டும். பவர் பேங்க் மேல் பெரிய எழுத்தில் 20,000 எம்ஏஹெச் என்று இருக்கும். அது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, 3.7 வோல்ட்டில். பெருக்கிப் பார்த்தால் 74 வாட் அவர். அதை 5 வோல்ட்டாக உயர்த்தி வெளியே தரும்போது எம்ஏஹெச் எண் குறையும், ஒரு பங்கு சூடாகவும் போய்விடும். அதனால்தான் பின்பக்கம் பொடி எழுத்தில் ரேட்டட் கெபாசிட்டி என்று 12,000 சொச்சம் அச்சிட்டிருப்பார்கள். கடையில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள், அது இல்லாத பவர் பேங்க்கை வாங்காதீர்கள். அதை 5 வோல்ட்டால் பெருக்கினால் நம் கைக்கு வருவது 60 வாட் அவர். எங்கள் செலவு என்ன? கேமரா பேட்டரி ஒன்று 1,720 எம்ஏஹெச், கிட்டத்தட்ட ஆறரை வாட் அவர், நாளைக்கு மூன்று. அது இருபது. இரண்டு போனும் ஃபிளைட் மோடிலேயே கிடந்ததால் தலைக்கு அரை சார்ஜ், அது ஒரு இருபது. ஒலி பதிய வைத்திருந்த பழைய போனுக்கும் தலைவிளக்குக்கும் ஐந்து. ஆக ஒரு நாளைக்கு 45. ஒரு பவர் பேங்க் ஒரு நாளைக்குக் கொஞ்சம் மேல், இரண்டு இருந்தால் இரண்டரை நாள். ஜமுனாமரத்தூரில் இரண்டாம் நாள் ராத்திரி, ஆலங்காயத்தில் நாலாம் நாள் ராத்திரி பிளக் பாயிண்ட் கிடைக்கும் என்று தெரியும். கணக்கு கச்சிதமாக நின்றது.

ஆனால் கணக்கில் இன்னொரு பக்கம் உண்டு. பிளக் பாயிண்ட் ஒரு ராத்திரிதான் கிடைக்கிறது என்றால் அந்த ராத்திரிக்குள் பவர் பேங்க் நிரம்ப வேண்டும். பழைய மாடலில் 10 வாட் சார்ஜர் போட்டால் 20,000 எம்ஏஹெச் நிரம்ப எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும், இரண்டு பவர் பேங்க்குக்கு எங்கே போவது? உள்ளே வாங்கும்போதும் 18 வாட்டுக்குக் குறையாமல் வாங்குகிற மாதிரி பார்த்து எடுங்கள், இரண்டு வாய் உள்ள ஒரே சார்ஜர் வைத்துக்கொள்ளுங்கள். தங்குகிற வீட்டில் ஒரு பிளக்தான் இருக்கும், அந்த வீட்டுக்காரர்களின் போனும் அதில்தான் ஏற வேண்டும். அவர்கள் போனை முதலில் போட்டுவிட்டு நம்முடையதைப் போடுவதுதான் முறை.

பேட்டரியில் ஒரு அனுபவம். வாடகைக்கு எடுத்தபோது கடையில் கொடுத்த இரண்டு உபரி பேட்டரியில் ஒன்று லேசாக உப்பியிருந்தது. நான் கவனிக்கவில்லை. கேமராவுக்குள் போட்டதும் கதவு முழுசாக மூடாமல் நகக்கண் அளவு இடைவெளி. அந்தக் கதவு மூடினால்தான் கேமராவுக்குத் தண்ணீர் போகாது. அமிர்தி அருவிக்கு ஐம்பது அடி முன்னால் மச்சான் பார்த்துச் சொன்னதால் பிழைத்தது. வாடகைக்கு எடுக்கிறவர்கள் பேட்டரியைக் கண்ணாடி மேல் படுக்க வைத்து விரலால் சுண்டிப் பாருங்கள், பம்பரம்போல் சுழன்றால் அது உப்பியது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பவர் பேங்க்கிலிருந்து ஒயர் போட்டுக்கொண்டே எடுக்கும்போதும் கதவு திறந்துதான் இருக்கும், அப்போது அந்த 10 மீட்டர் கணக்கு செல்லாது.

சோலார் தகடு ஒன்று வாங்கிப் பை மேல் கட்டிக்கொண்டு போனோம். வேலூர் வெயிலை நம்பி வாங்கியது. நடக்கிற பாதை மரநிழல், நாம் திரும்பினால் தகடும் திரும்புகிறது, பவர் பேங்க்கில் விளக்கு மின்னுவதும் அணைவதுமாகவே இருந்தது. நாலு நாள் சுமந்துவிட்டு ஆலங்காயத்தில் தெரிந்தவர் வீட்டில் வைத்துவிட்டுப் போனோம். ஒரே இடத்தில் கூடாரம் போட்டுப் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது உதவும், நடக்கிறவர்களுக்கு அந்த எடைக்கு இன்னொரு பவர் பேங்க்.

கார்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மேலே வி30 என்று எழுதியிருந்தால் வினாடிக்கு 30 மெகாபைட் குறையாமல் எழுதும் என்று பொருள், 4கே-வுக்கு அது தாராளம். கேமரா வினாடிக்கு 60 மெகாபிட் எழுதுகிறது என்று வைத்துக்கொண்டால், எட்டால் வகுத்தால் ஏழரை மெகாபைட், மணிக்கு 27 ஜிபி. நாளைக்கு இரண்டு மணி நேரக் காட்சி என்றால் 54 ஜிபி. ஒரே பெரிய கார்டுக்குப் பதில் மூன்று 128 ஜிபி கார்டு வைத்துக்கொண்டோம், ஒன்று தொலைந்தாலும் இரண்டு நாள்தான் போகும். முதல் நடைக்கு அவசரத்தில் நடைபாதைக் கடையில் போனுக்கு மலிவாக ஒரு கார்டு வாங்கியிருந்தேன், உறை மேல் பெரிய கம்பெனிப் பெயர், 128 என்ற எண். வீட்டுக்கு வந்து திறந்தால் முதல் முப்பது ஜிபிக்கு அப்புறம் எல்லா ஃபைலும் கறுப்பு. போலி. கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் 128 என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே சின்ன சில்லு. பீமன் அருவிக் காட்சி முழுக்க அதில்தான் இருந்தது. இப்போது எந்தக் கார்டு வாங்கினாலும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைப் போட்டு முழுக்க எழுதி முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைக்கிறேன். ஒரு ராத்திரி வேலை. தயவுசெய்து செய்யுங்கள்.

இப்போது ஒலி. எனக்கு இதுதான் முக்கியம்.

முதல் நடையில் ஜமுனாமரத்தூருக்கு உள்ளே தள்ளி ஒரு சிற்றூரில் ஒரு பாட்டியைப் பார்த்தோம். இந்த மலையில் வாழும் மலையாளி மக்களில் ஒருவர். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் இவர்களுக்கு அந்தப் பெயர். வாசலில் உரலில் சாமை குத்திக்கொண்டே, அந்தக் காலத்தில் மழை எப்படி வரும், எந்தப் பக்கம் மேகம் கட்டினால் விதைக்கலாம் என்று இருபது நிமிடம் பேசினார். ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் எல்லாம் போனின் சொந்த மைக்கில் பதிவானது, ஆனால் காற்றோடு. மலை மேட்டுக் காற்று மைக் துளையில் மோதி எழுப்பும் அந்தப் படபடப்புச் சத்தத்தை எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியவில்லை. பாட்டியின் வாய் அசைகிறது, உலக்கை ஏறி இறங்குகிறது, சத்தம் மட்டும் தார்ப்பாய் அடித்துக்கொள்வதுபோல். வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது முறை அதற்காகவே போயா பிஒய்-எம்1 என்ற சட்டையில் குத்துகிற மைக் வாங்கினேன். ஆயிரம் ரூபாய் ஆகவில்லை. ஒயர் 6 மீட்டர், நமக்கு அவ்வளவு வேண்டாம், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளலாம். அதில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: போனில் போட்டால் ஒரு பக்கம், கேமராவில் போட்டால் இன்னொரு பக்கம். போனில் போடும்போது மைக்குக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தேவையில்லை. கேமராவுக்குத் தேவை, அதைத் திரும்ப அணைக்க மறந்தால் அடுத்த நாள் பேட்டரி செத்திருக்கும். நான் கேமராவோடு இணைக்கவே இல்லை. ஹெட்போன் துளை உள்ள பழைய போன் ஒன்றில் மைக்கைச் செருகி, பேசுகிறவரின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, கேமரா ஓடத் தொடங்கியதும் ஒரு முறை பலமாகக் கை தட்டுவேன். பிறகு கம்ப்யூட்டரில் கை தட்டும் படத்தையும் தட்டும் சத்தத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் எல்லாம் பொருந்திவிடும். வயர்லெஸ் மைக் இதைவிடச் சுலபம்தான், வசதி இருப்பவர்கள் வாங்குங்கள். ஆனால் அதற்கும் சார்ஜ் போட வேண்டும், அதுவும் ஒரு கணக்கு.

மைக்கோடு வரும் பஞ்சு உறை மலைக்காற்றுக்குப் போதாது. வேலூர் லாங் பஜாரில் பொம்மை தைக்கிற ரோமத்துணி கால் மீட்டர் வாங்கி, விரல் நுனி அளவுக்குப் பை போல் தைத்து மாட்டினோம். ரோம இழை நீளமாக இருக்க வேண்டும், காற்று அதற்குள் நுழைந்து வேகம் இழந்துதான் மைக்குக்குப் போக வேண்டும், அதுதான் அதன் வேலை.

அதே பாட்டியைத் தேடிப் போனோம். இருந்தார். எங்களை நினைவும் இருந்தது. முந்தானையில் மைக்கைக் குத்தியபோது குனிந்து பார்த்து, “என்னாப்பா இது, கம்பளிப்பூச்சியப் புடிச்சு உட்டுட்ட” என்று சிரித்தார். சிரித்ததும் பதிவானது. அந்த முறை கிடைத்த ஒலியை எப்படிச் சொல்வது? உலக்கை உரலில் விழுகிற ‘தொம்’, அதற்கு முன் அவர் மூச்சை இழுப்பது, வளையல் இரண்டும் உலக்கையில் உரசுவது, குத்துக்கு நடுவில் சிதறிய சாமையைக் கையால் உள்ளே தள்ளுகிற சரசரப்பு, அதற்குள்ளேயே பேச்சு. படத்தை மூடிவிட்டுக் கேட்டால்கூட வாசல் தெரிகிறது. இயர்போனை அவர் காதில் வைத்துப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டார். “என் உலக்க சத்தம்” என்றார். பக்கத்து வீட்டு மருமகளைக் கூப்பிட்டு அவள் காதிலும் வைக்கச் சொன்னார். என் முழு மூட்டையில் விலை குறைந்த சாமான்களில் ஒன்று அந்த மைக்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காவலூரில் இருப்பது வைணு பாப்பு வானாய்வகம், 2.3 மீட்டர் கண்ணாடித் தொலைநோக்கி உள்ள இடம், வானம் இருட்டாக இருக்கிறது என்பதற்காகவே அங்கே அமைத்தது. அந்தப் பக்கம் ராத்திரி டார்ச்சை வானத்தைப் பார்த்து அடிக்காதீர்கள். ஆக்‌ஷன் கேமராவின் சின்ன சென்சாரில் நட்சத்திரம் புள்ளி புள்ளியாக இரைச்சலோடுதான் வரும். போனை நைட் மோடில் போட்டுச் சின்ன டிரைபாடில் நிறுத்தி எடுத்தது அதைவிட நன்றாக வந்தது. டிரைபாடும் அந்தச் சின்னதே போதும், கால் வளைந்து மரக்கிளையில் சுற்றிக்கொள்கிற வகை.

விடியற்காலைப் பனிக்கு மருந்து, ஷூ பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம் பக்கம் யார் வீட்டிலாவது ஒருவர் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பார், கேட்டால் கைநிறையக் கிடைக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் கேமராவோடு நாலு பொட்டலம் போட்டு ராத்திரி தலைமாட்டில் வைத்துவிடுங்கள். குளிரில் வெளியே கிடந்த கேமராவை அடுப்பு எரிகிற வீட்டுக்குள் கொண்டு போனால் கண்ணாடியில் ஆவி படியும், கவரைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டால் சரியாகிவிடும்.

டிரோன் கொண்டு போகவில்லை. 250 கிராமுக்குக் குறைந்த நானோ வகையைச் சொந்த உபயோகத்துக்குப் பறக்கவிட 2021 டிரோன் விதிகளின்படி பைலட் உரிமம் தேவையில்லைதான், ஆனால் காப்புக்காட்டுக்கு மேலே பறக்கவிடுவது வேறு விஷயம், வனத்துறை அனுமதி இல்லாமல் நினைக்கவே வேண்டாம். அந்தச் சத்தத்துக்குக் குரங்கும் பறவையும் படுகிற பாட்டைக் கைலாசகிரியில் ஒரு முறை பார்த்தேன், எனக்கு அதற்கப்புறம் ஆசையும் இல்லை.

எங்கே வாங்குவது என்றால், ஒயர், சார்ஜர், போன் கிளிப், ஸ்கிரீன் கார்டு வகையறாவுக்கு வேலூர் சாரதி மாளிகையைச் சுற்றினால் போதும். மைக்கும் பேட்டரியும் கையில் எடுத்துப் பார்த்து வாங்க விரும்பினால் காட்பாடியில் காலை ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போய்விட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். கேமராவை மட்டும் பில்லோடும் இந்திய வாரண்டியோடும் வாங்குங்கள். வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

கடைசியில் மொத்த எடை ஒன்றே முக்கால் கிலோ வந்தது, கேமரா, நாலு பேட்டரி, இரண்டு பவர் பேங்க், மைக், பழைய போன், டிரைபாட், சார்ஜர் எல்லாம் சேர்த்து. ஜலகாம்பாறையில் அருவிக்குக் கீழே கேமராவைப் பிடித்தபடி நின்றதுதான் கடைசிக் காட்சி. மச்சானும் இப்போது ஒரு கேமரா வாங்கியிருக்கிறான். அடுத்த வாரம் இருவரும் பேரணாம்பட்டுக்குப் போகிறோம். அவன் தடியை இடது கையில் பிடிப்பவன், அவனுக்குப் பையை வலது இடுப்பில் தைக்க வேண்டும்.